அருள்நாயகி அக்கா வீடு வாங்கப் படித்த கதை

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அருள்நாயகி அக்காவின் வீட்டுக்குள் முன்பின் தெரியாத மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோர் காலிலும் சப்பாத்துக்கு மேலே நீல நிற உறை. ஒருவர் அவருடைய அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். இன்னொருவர் குசினி யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். ஒரு குழந்தை அவருடைய கட்டிலில் ஏறி உட்கார்ந்தது. அக்கா நடு அறையில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் விருந்தாளி போல நின்றார்.

ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடிகளில் ஒன்றில், அந்த வீட்டில் அவர் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தார். கணவர் அல்பிரட்டோடும் மகள் கரோலினாவோடும் வந்தவர். வந்த மூன்றாம் வருடம் அல்பிரட் மாரடைப்பில் போய்விட்டார். மகள் வளர்ந்து, படிப்புக்காக வடக்கே துரொண்ட்ஹைமுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர். வீட்டை விற்கப்போகிறேன் என்று முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்த ஊரில் விற்பனைக்கு வரும் வீட்டை எல்லோருக்கும் திறந்துவிட ஒரு நேரம் வைப்பார்கள். விஸ்னிங் என்று பெயர். அந்த நேரத்தில் குடியிருப்பவர்கள் வெளியே உலாவப் போவதுதான் வழக்கம். அக்காவுக்கு அது தெரியாது. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமோ என்றுகூட யோசித்திருக்கிறார்.

அருள்நாயகி அக்கா பேருந்து ஓட்டுகிறவர். மன்னார் பேசாலையில் பிறந்து, இருபத்தைந்து வயதில் கலியாணம் கட்டி இங்கே வந்து, துப்புரவு வேலை செய்தபடியே மொழி படித்து, பிறகு பெரிய வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரம் எடுத்தவர். பல வருடங்களாக ஒஸ்லோவின் சிவப்புப் பேருந்துகளை ஓட்டுகிறார். இந்த நகரத்தில் அவர் கடக்காத தெரு குறைவு. "எல்லா வீட்டையும் வெளியாலை பாத்திருக்கிறன் தம்பி. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஒரு நாளும் யோசிச்சதில்லை" என்று அவர் எனக்குச் சொன்னார்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் இளம் சோடி ஒன்று இருந்தது. மற்றவர்கள் யன்னலையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இருவரும் நேரே குளியலறைக்குப் போனார்கள். பெண் சுவரின் ஓடுகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. வெறும் பெட்டியைத் தட்டினால் வருகிற சத்தம். அவள் நின்று, மறுபடியும் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். அவன் முழந்தாளிட்டு, தரையில் தண்ணீர் வடியும் துளையின் மூடியைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தான். பிறகு இருவரும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியர்களைப் போலத் தலையசைத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குத் தாங்க முடியவில்லை. "நீங்கள் இரண்டு பேரும் பொறியியலாளர்களா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

பெண் சிரித்தாள். "இல்லை, இல்லை. நான் வயலின் படிப்பிக்கிறேன். இவருக்குச் சிறுவர் பள்ளியில் வேலை."

"அப்படியென்றால் இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"குர்ஸுக்குப் போனோம். முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கென்று வகுப்பு இருக்கிறது. எங்களுக்கும் முன்னம் ஒன்றும் தெரியாது."

போகும்போது, மேசையில் கிடந்த கட்டிட அறிக்கையைப் படித்தீர்களா என்று அவள் கேட்டாள். அதுவரை அக்கா அதைத் தொடவே இல்லை. அது வாங்க வருகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தார். எல்லோரும் போன பிறகு இருந்து படித்தார். விற்கிறவரே ஆள் வைத்துப் பார்த்து, தன் வீட்டின் குறைகளை ஒவ்வொரு அறையாக எழுதி ஊருக்கே காட்டியிருந்தார். குளியலறைக்குக் கிடைத்திருந்தது மிக மோசமான நிலை. ஓடுகளுக்குக் கீழே நீர் கசியாமல் காக்கும் தோல் ஒன்று இருக்கிறதாம், அது செத்துப்போய்ப் பல காலமாம்.

பதினொரு வருடம் காலையும் மாலையும் அதற்கு மேலே நின்று குளித்திருக்கிறார். காலுக்குக் கீழே ஒரு தோல் இருந்ததும் தெரியாது, அது செத்ததும் தெரியாது. பொருளை விற்கிற மனிதன் அதன் குறையைத் தானே எழுதிவைப்பான் என்பதும் தெரியாது. எதை முதலில் வியப்பது என்று தெரியாமல், அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம்.

அன்று மாலை மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"கரோ, வீடு வாங்கிறதுக்குக் குர்ஸ் இருக்காம். உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா, பாங்குகள் வைக்கிறவை. என்னோடை படிக்கிற ஆக்களும் போனவை. ஏன்?"

"நான் போகப்போறன்."



"அம்மா, நீங்கள் வாங்கப்போறீங்களோ, இல்லாட்டிச் சும்மா கேக்கப்போறீங்களோ?"

"முதல் கேப்பம். பிறகு பாப்பம்."

அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, இதைப்பற்றி மெல்ல விசாரித்துப் பார்த்தார். அங்கே எட்வேட் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். ஒஸ்லோத் தமிழருக்குள் ஆர் எந்த வீட்டை எப்போது வாங்கினார்கள் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வீடு வாங்கக் குர்ஸோ? பிள்ளை, கண் இருந்தால் காணும். நாங்கள் எல்லாரும் குர்ஸுக்குப் போயே வாங்கினனாங்கள்?"

"கலியாணம் கட்டிறதுக்கே கோயில்லை குர்ஸ் வைக்கினம் அண்ணை. அதுக்குக் கண் காணாதாமோ?" என்றார் அக்கா.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எட்வேட் அண்ணனும் சிரித்தார். ஆனால் எங்கே குர்ஸ் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதலில் போனது நகரத்தின் நடுவில் ஒரு வங்கி நடத்திய வகுப்பு. பெரிய மண்டபம். நிறையப் பேர், எல்லோரும் கரோலினாவின் வயது, சிலர் தாய் தகப்பனோடு வந்திருந்தார்கள். மேடையில் நின்ற மனிதர் நோர்வேயின் மேற்குக் கரையோரப் பேச்சில் மழை பெய்வது போலக் கதைத்தார். ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்கு விளங்கியது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் முடியும்வரை இருந்தார். அவரைப் பிடித்து வைத்தது அந்த மண்டபம்தான். மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகள், "கூரை பழுதென்றால் யார் பொறுப்பு?" என்று எழும்பி நின்று கேட்கிறார்கள். அதற்கு ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஆரும் சிரிக்கவில்லை. தெரியாததைக் கேட்பதற்கு இந்த நாட்டில் இவ்வளவு பெரிய மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு இருந்தது.

பிறகு தேடல் தொடங்கியது. மாநகரசபையின் இணையத்தளத்தில் ஒரு வகுப்பு இருந்தது, போன வசந்தத்தோடு முடிந்துவிட்டது. இன்னொன்று திரையில் மட்டும் நடந்தது. அக்கா வேலையில் நிற்கும் நேரம். கரோலினா இரண்டு மூன்று அனுப்பினாள். அவை எல்லாம் வேறு நகரங்களில். கடைசியில் ஒரு நாள் பகல் வேலை முடிந்த கையோடு, சீருடையிலேயே நூலகத்துக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார்: "மெதுவாகக் கதைக்கிற வகுப்பு எங்காவது இருக்கிறதா?"

அந்தப் பெண் கணினியில் தேடினாள். கிடைக்கவில்லை. மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். அவள் தொலைபேசியை எடுத்தாள். ஓர் இடத்துக்கு எடுத்து, அவர்கள் சொன்ன இன்னோர் இடத்துக்கு எடுத்து, அங்கிருந்து வேறொரு பெயரை வாங்கி, அவருக்கும் எடுத்தாள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் அவள் முகம் மலர்ந்தது. "பியோர்ண்டாலில் இருக்கிறது. அயலவர் மன்றத்தில், வியாழக்கிழமை மாலைகளில். கொஞ்சம் தூரம், பரவாயில்லையா?"

கொஞ்சத் தூரமா! ஹவுகன்ஸ்டுவா நகரத்தின் ஒரு மூலை, பியோர்ண்டால் நேரெதிர் மூலை. ரயிலில் நகரத்தின் நடுவுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் காட்டை ஒட்டிக் கடைசி வரை போக வேண்டும். அக்கா மேலாளரோடு கதைத்து வியாழக்கிழமைகளில் காலை வேலை எடுத்துக்கொண்டார்.

வகுப்பு நடத்தியவர் பெயர் தூருன். அறுபது தாண்டிய நோர்வேஜியப் பெண். வாழ்நாள் முழுதும் கட்டிடங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு தன் அயலில் இந்த வகுப்பைத் தொடங்கியிருக்கிறார். கம்பளிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருப்பார். அதைத் தரையில் வைத்தால் வீடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது உருண்டு போய்ச் சொல்லும். முதல் நாள் அவர் சொன்ன முதல் வசனம்: "நாளைக்கே வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் பார்க்கப் பழகுவோம்."

சின்ன அறை. பத்துப் பன்னிரண்டு பேர், அரைவாசிக்கு மேல் வெளிநாடுகளில் இருந்து வந்தவர்கள். அக்காவின் பக்கத்துக் கதிரையில் ஓர் இளம் பெண். அக்கா தன் பெயரைச் சொன்னதும் அவள் திரும்பினாள்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம் பிள்ளை. மன்னார்."

"நான் சுடர்விழி. திருநெல்வேலி பக்கம். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க 'ஓம்'னு சொன்னதும் ஏதோ மந்திரம் சொல்லப் போறீங்கன்னு நினைச்சுட்டேன்."

அப்படித்தான் இருவரும் சிநேகமானார்கள். அக்கா குசினி என்பார், சுடர்விழி கிச்சன் என்பாள். அக்கா அலுமாரி என்பார், அவள் பீரோ என்பாள். நோர்வேஜியச் சொல் ஒன்று விளங்காவிட்டால் அக்கா அவளுக்குத் தமிழில் சொல்வார். அந்தத் தமிழ் விளங்காவிட்டால் அவள் அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்பாள். தூருன் இந்த முக்கோணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்.

இரண்டாம் வாரம் தூருன், கூட்டுறவாகச் சொந்தமாக்கும் அடுக்குமாடிகளைப் பற்றிச் சொன்னார். பொரெட்ஸ்லாக் என்று அதற்குப் பெயர். ஒஸ்லோவில் பாதிப் பேர் வாழ்வது அப்படிப்பட்ட வீடுகளில்தானோ என்று தோன்றும் அளவுக்கு அவை இருக்கின்றன. "அங்கே நீங்கள் சுவரை வாங்குவதில்லை, பங்கை வாங்குகிறீர்கள்" என்றார்.

அக்கா கை உயர்த்தினார். "சுவர் யாருடையது?"

"எல்லோருடையதும்."

"கூரை?"

"அதுவும் எல்லோருடையதும்தான். படிக்கட்டு, முற்றம், மரங்கள்கூட."

"அப்போ எனக்கென்று என்ன இருக்கிறது?"

வகுப்பு சிரித்தது. தூருன் சிரிக்கவில்லை. "உள்ளே வாழும் உரிமை. மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டி, ஒழுங்காக இருக்கும்வரை, எழும்பு என்று உங்களுக்கு ஒருவரும் சொல்ல முடியாது. அதோடு கூட்டத்தில் ஒரு வாக்கு. பெரிய வீடு வைத்திருப்பவருக்கும் ஒன்று, சின்ன வீட்டுக்கும் ஒன்று."

சுடர்விழி காதோடு சொன்னாள்: "அக்கா, எங்க ஊர்ல அபார்ட்மெண்ட் மீட்டிங்னாலே சண்டைதான்."

"இஞ்சையும் சண்டை பிடிப்பினம் பிள்ளை. மெல்லமாப் பிடிப்பினம்."

சிரித்தாலும், எழும்பச் சொல்ல ஒருவராலும் முடியாது என்ற சொல் அக்காவின் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. அவர் பிறந்ததிலிருந்து எழும்பிக்கொண்டே இருந்தவர். பேசாலையில் இருந்து எழும்பி, தஞ்சம் புகுந்த மடுக் கோயிலில் இருந்து எழும்பி, அகதி முகாமில் இருந்து எழும்பி, இங்கே வந்த பிறகும் வாடகை வீடு வாடகை வீடாக எழும்பி. அன்று வகுப்பு முடிந்து திரும்பிய பேருந்துப் பயணம் முழுவதும் அவர் யன்னலோரம் இருந்து, வெளிச்சம் எரிகிற வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தினமும் ஓட்டிப் போகிற தெருக்கள்தான். அன்றைக்கு முதன்முறையாக ஒவ்வொரு யன்னலுக்குப் பின்னாலும் ஒரு வாக்கு இருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாம் வாரம் தூருன் எல்லோரையும் தான் வாழும் அடுக்குமாடிக்குக் கூட்டிப்போனார். மேல்மாடியில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே, காற்றோட்டக் குழாய் எங்கே, தண்ணீரை அடைக்கும் திருகு எங்கே என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். கடைசியாக நிலக்கீழ் அறைக்குப் போனார்கள். அங்கே ஓர் இரும்புக் கதவு. ஒரு சாண் தடிப்பு இருக்கும், பெரிய கைப்பிடிகள். தூருன் இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். உள்ளே இன்னொரு கதவு. அதற்கும் உள்ளே நீண்ட அறை, கம்பி வலையால் பிரிக்கப்பட்ட சின்னச் சின்னக் கூடுகள். அவற்றில் பனிச்சறுக்குக் கட்டைகள், குழந்தை வண்டிகள், நத்தார் மரமும் நட்சத்திரமும் வைத்த பெட்டிகள், யாரோ ஒருவரின் பழைய சைக்கிள்.

"இது உங்கள் களஞ்சிய அறை. வீடு பார்க்கப் போனால் எந்தக் கூடு அந்த வீட்டுக்குரியது என்று கட்டாயம் கேளுங்கள்" என்றார் தூருன்.

அக்கா கேட்டது வேறு. "இந்தக் கதவு ஏன் இவ்வளவு மொத்தம்?"

"ஓ, அதுவா? இது பதுங்கு அறை. குண்டு விழுந்தால் ஒளிய. கட்டிடத்தோடேயே கட்டியது. இதுவரை தேவைப்படவில்லை, அதனால் சாமான் வைத்திருக்கிறோம். அரசாங்கம் சொன்னால் சில நாளுக்குள் காலியாக்க வேண்டும்."

மற்றவர்கள் கூடுகளை எட்டிப் பார்த்தபடி நகர்ந்தார்கள். அக்கா நகரவில்லை. சுவரில் கை வைத்தார். குளிர்ந்த, தடித்த கொங்கிறீற்று.

அவருக்குப் பதுங்குகுழி தெரியும். சின்ன வயதில், இடம்பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் தகப்பன் முதலில் வெட்டியது அதைத்தான். சமைக்க அடுப்பு வைப்பதற்கு முன்னால் குழி. மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண் மூட்டை. மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தவளைகளோடு தவளைகளாக இருந்திருக்கிறார்கள். விமானச் சத்தம் கேட்ட பிறகுதான் வெட்டாத குழியின் அருமை தெரியும். இங்கே, ஒரு குண்டும் விழாத காலத்தில், வெயிலில் நின்று, நிதானமாக, இன்னும் பிறக்காதவர்களுக்கும் சேர்த்து யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் பிள்ளைகளின் சறுக்குக் கட்டைகள் உறங்குகின்றன.

"தூருன், இதற்குள் வர யாருக்கு அனுமதி? வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமா?"

"இல்லை, இல்லை. இங்கே வாழ்கிற எல்லோருக்கும்."

"வாடகைக்கு இருப்பவர்களுக்கும்?"

"வாழ்கிற எல்லோருக்கும்" என்று தூருன் மறுபடியும் சொன்னார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் கேட்கிறீர்கள்?"

அக்கா சொன்னார். குழி, பனங்குற்றி, தவளை எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார். பனங்குற்றிக்குச் சொல் தெரியாமல் "மரத்தின் உடம்பு" என்றார். தூருன் அங்கே கிடந்த பனிவண்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து கேட்டார். மற்றவர்களும் திரும்பி வந்து நின்று கேட்டார்கள். சுடர்விழி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தூருன் எழும்பி, அறையின் மூலையில் இருந்த ஒரு பொறியைக் காட்டினார். மின்சாரம் போனால் கையால் சுற்றிக் காற்றை உள்ளே இழுப்பதற்கு. "சுற்றிப் பார்க்க விருப்பமா?" என்றார். அக்கா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். முதலில் இறுக்கமாக இருந்தது. பிறகு உள்ளே ஏதோ முனகி, மேலே இருந்த குழாயில் இருந்து மெல்லிய குளிர்காற்று இறங்கி அவருடைய முகத்தில் பட்டது. "தம்பி, அந்தக் காத்து படேக்கை எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. இப்பிடி ஒரு ஊரிலை எனக்கும் மூச்சு ஒதுக்கி வைச்சிருக்கினம் எண்டு இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்திட்டன்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போதும் அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது, கோயிலுக்குள் கதைப்பது போல.

வகுப்பு முடிவதற்குள் வாடகை வீட்டை விட வேண்டிய நாள் வந்துவிட்டது. கோயில் சிநேகிதி ராசமலர், ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அக்கா சாமான்களை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலை இல்லாத ஞாயிறுகளில் விஸ்னிங்குக்குப் போகத் தொடங்கினார். சுடர்விழியும் கூடப் போவாள். காலில் நீல உறை போட்டுக்கொண்டு, அந்நியர் வீட்டுக் குளியலறைச் சுவர்களைத் தட்டுவார்கள். முதலில் அக்காவுக்குக் கூச்சம். "ஆற்றையோ வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு பிள்ளை" என்பார். நாள் போகப் போகச் சத்தங்கள் பிடிபட்டன. நிறைந்த சத்தம், வெற்றுச் சத்தம், ஈரச் சத்தம். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க்கதவைத் திறந்து மூக்கை நுழைத்து மணந்து பார்ப்பார். வீடுகள் தன்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டன என்று மகளுக்குச் சொன்னார்.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோ" என்றாள் கரோலினா.

வங்கி, இவ்வளவு வரை கடன் தருவோம் என்று உறுதி கொடுத்தது. ஹவுகன்ஸ்டுவாவில் பிடித்த ஒரு வீட்டுக்குக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. தை மாதத்தில், வகுப்புக்காக அத்தனை வியாழன் போய்வந்த பியோர்ண்டாலிலேயே ஒன்று விற்பனைக்கு வந்தது. இரண்டு அறை, பின்னால் காடு. சுவர்கள் எல்லாம் நிறைந்த சத்தம் கொடுத்தன. சுடர்விழி பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் குண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். தூருனிடம் கேட்டு வாங்கியதாம். அது அசையாமல் அப்படியே நின்றது.

இங்கே வீட்டுக்கு விலை கேட்பது கைப்பேசியில். ஒரு வரி எழுதி அனுப்பினால் அனுப்பியதுதான்; பிறகு மனம் மாற முடியாது. விற்பவர் ஏற்றுக்கொண்டால் வீடு உங்களுடையது. "உங்கள் எல்லையை முதல் நாளே வீட்டில் இருந்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாதீர்கள்" என்று தூருன் சொல்லியிருந்தார். அக்கா அன்று வேலைக்கு விடுமுறை எடுத்தார். ராசமலர் வீட்டில் இருக்க முடியவில்லை. நகரத்துக்கு வந்து, கண்ணில் பட்ட ஒரு பேருந்தில் பயணியாக ஏறிச் சாரதிக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டார். பேருந்துக்குள் இருந்தால்தான் அவருக்கு மனம் அடங்கும்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு விலை அனுப்பினார். வேறு யாரோ அதைத் தாண்டினார்கள். மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் தாண்டினார்கள். மூன்றாம் முறை தன் எல்லையை எழுதி அனுப்பிவிட்டு, கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை. முகம் தெரியாத அந்த மற்றவரும் இதே நகரத்தில் எங்கோ ஓர் இடத்தில் கைப்பேசியை வெறித்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தாராம். அவருக்காகவும் ஓர் அருள்நிறை மரியே செபம் சொன்னாராம்.

தொலைபேசி அடித்தது. விற்பனை முகவர். "அருள்நாயகி, வாழ்த்துகள். வீடு உங்களுடையது."

அக்கா மணியை அழுத்திப் பேருந்தை நிறுத்தி இறங்கினார். பனிக்குள் நின்றார். இந்த நகரத்தின் ஒவ்வொரு தரிப்பிடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவருக்கு, தான் நிற்கும் இடம் எதுவென்று தெரியவில்லை. பெயர்ப்பலகை தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் சுடர்விழிக்கு எடுத்தார், பிறகு மகளுக்கு. கரோலினா அழுதுகொண்டே சிரித்தாள். சுடர்விழி அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா! ஓம்! ஓம்!" என்று கத்தினாளாம்.

சித்திரையில் சாவி கைக்கு வந்தது. உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குக் கரோலினா ரயிலில் வந்திறங்கினாள். பூசை முடிந்து வந்ததும், அல்பிரட்டின் படத்தை முன்னறைச் சுவரில் மாட்ட நினைத்தார்கள். வாடகை வீடுகளில் சுவரில் ஆணி அடிக்க அக்கா துணிந்ததே இல்லை. படம் இவ்வளவு காலமும் அலுமாரிக்கு மேலேதான் சாய்ந்து நின்றது. ராசமலரின் வீட்டில் இருந்து இரவல் வாங்கிய துளைப்பானைச் சுவரில் வைத்து அழுத்தினார். கட்டிடமே அதிர்வது போல ஒரு சத்தம். சுவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு மனிதர் ஒருவர், வீட்டுச் செருப்போடு நின்றார்.

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார் மெதுவாக. "அதுவும் ஈஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமைகளில் துளைக்கக் கூடாது என்பது இங்கே எல்லா அடுக்குமாடிகளிலும் விதி. தூருன் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா சந்தோசத்தில் மறந்துவிட்டார். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். மனிதர் அவரைத் தாண்டிச் சுவரை எட்டிப் பார்த்தார்.

"இது கொங்கிறீற்று. உங்கள் துளைப்பான் மரத்துக்கானது. செவ்வாய்க்கிழமை மாலை என்னுடையதைக் கொண்டுவருகிறேன். நீங்களா புதிய சொந்தக்காரர்?"

"ஆம்" என்றார் அக்கா. "நான்தான்."

அவர் கையை நீட்டிப் பெயரைச் சொல்லி, நல்வரவு கூறிவிட்டு, படியிறங்கிப் போனார். அக்கா கதவைச் சாத்தாமல் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இஞ்சை வாங்கோ" என்று கரோலினா கூப்பிட்டாள். அவள் சுவருக்குப் பக்கத்தில் நின்று, அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம்கூட முழுதாக உள்ளே போகவில்லை.

"பாருங்கோ. எங்கடை ஓட்டை."

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய், வெகுநேரம் பார்த்தார்.